2014 டெஸ்க்டாப்: எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாமா, மாற்றிவிட வேண்டியதுதானா?

செந்தூல்காரி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2014ல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. ஐ5-4460 சிபியு, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்று பேர் புழங்கும் கணினி. அப்பாவுக்கு 74 வயது. கோயில் கணக்கும் தமிழ்க் கட்டுரைகளும் இதில்தான் எழுதுகிறார். மகன் படிவம் நான்கு, அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு. நான் வங்கி வேலையும் வருமான வரியும் இதில் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "இதோட ஆயுசு முடிஞ்சுது" என்று சொல்லி 3,200 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விலைச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னால் இப்போது 1,500க்கு மேல் முடியாது. அப்பாவுக்கோ இதை விடவே மனமில்லை. உண்மையிலேயே இதன் ஆயுசு முடிந்துவிட்டதா?

பாயான்_பாரு

தங்கச்சி, திறந்து பார்க்காமல் சொன்ன தீர்ப்பை நம்ப வேண்டாம்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றில் 26 வருடம் டெஸ்டிங் பிரிவில் இருந்தவன் நான். இன்டெல் 1972ல் பினாங்குக்கு வந்து ஆலை போட்டது. உங்கள் சிபியு மேல் இருக்கும் பசையைத் துடைத்துப் பார்த்தால் 'மலாய்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நான்கு கோர் உள்ள அந்தச் சிப் வேர்டு, பிரவுசர், ஜூம் எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் தாராளமாகப் போதும். பன்னிரண்டு வருடத்தில் சிப் தேய்ந்து மெதுவாகிவிடாது.

கோளாறு ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும். அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது, ஓர் ஊசி இங்கும் அங்கும் நகர்ந்து படிக்கிறது. ஊசி ஒரு தடவை இடம் மாறவே ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் பிடிக்கும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைச் சிதறிய இடங்களிலிருந்து கேட்கும். போதாக்குறைக்கு உங்களிடம் 4 ஜிபி ராம்தான் இருக்கிறது. ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும், திரும்ப எடுக்கும். அந்த ஊசிக்கு ஓய்வே இல்லை. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. அதே வேலைக்கு 0.1 மில்லி செகண்ட் போதும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கணினி திணறும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு 10 சதவீதத்தில் இருந்து டிஸ்க் 100ல் நின்றால் நான் சொன்னது சரி. ஒரு சாட்டா எஸ்எஸ்டி, பழைய டிடிஆர்3 ராம் ஒன்று, போர்டுக்கு ஒரு சிஆர்2032 பேட்டரி. 300 வெள்ளி, மிஞ்சினால் 350.

கெப்போங்_வயர்

அண்ணன் சொன்ன டிஸ்க் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் கேள்வி வேகத்தைப் பற்றி மட்டுமா? அக்கா இதில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்!

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. ஆபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால் இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறை, அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இவரிடம் இருப்பது 4ஆம் தலைமுறை. எஸ்எஸ்டி போட்டால் கதவில்லாத வீட்டுக்குள் வேகமாக நுழைவோம், அவ்வளவுதான்.

கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தபோது இங்கிலாந்தில் மருத்துவமனைகளே முடங்கின. அப்டேட் போடாத ஒரு கணினியில் நுழைந்து, பயனர் எதையும் அழுத்தாமலே பக்கத்துக் கணினிக்குத் தாவியது. இதையெல்லாம் பார்த்த பிறகு 'இன்னும் ஓடுகிறதே' என்பதை மட்டும் வைத்து ஒரு மெஷினை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பிரிக்பீல்ட்ஸ்_தம்பி

ரூபஸ் என்ற மென்பொருளை வைத்து பென்டிரைவ் தயார்செய்தால் டிபிஎம் சோதனையைத் தாண்டி 11 ஏற்றலாம். என் ஐ5 4ஆம் தலைமுறையில் எட்டு மாதமாக ஓடுகிறது.

கெப்போங்_வயர்

ஓடும் தம்பி. ஆனால் தகுதி இல்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி தர முடியாது என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. உன் மெஷினில் நீ விளையாடலாம். எழுபது தாண்டிய ஒருவரின் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டு, நாளைக்கு நின்றுபோனால் யார் போய்ப் பார்ப்பது?

பாயான்_பாரு

வான்னாகிரையைச் சொன்னீர்கள், ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அதற்கான அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பழைய கணினி என்பதால் அந்த அடி விழவில்லை.

விண்டோஸ் 10க்கும் கதவை முழுசாக அடைக்கவில்லை. நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. 22எச்2 பதிப்பு வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். எட்ஜ் பிரவுசருக்கு 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் வழி இருக்கும்போது வீட்டுச் செலவில் கைவைக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கெப்போங்_வயர்

மார்ச்சில் போட அப்டேட் இருந்தது, போடவில்லை. இந்த அக்டோபருக்குப் பிறகு போட நினைத்தாலும் இருக்காது. நான் சொல்வதும் அதுதானே அண்ணே. இன்னொன்று, பிரவுசர் புதிதாக இருந்தாலும் அதற்கு அடியில் இருக்கும் விண்டோஸின் ஓட்டையை அது அடைக்காது.

பணத்தையும் பார்த்துவிடுவோம். டிடிஆர்3 ராமில் போடும் காசு அந்தப் போர்டோடு போகிறது, அடுத்த கணினியில் செருக முடியாது. பவர் சப்ளைக்கும் போர்டுக்கும் 12 வயது. நம் ஊர் வெக்கை, தூசி, இடி மின்னல் எல்லாம் பட்டது. கெப்பாசிட்டர் உப்பிப்போன போர்டை மாதத்துக்கு ஒன்றாவது என் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

3,200க்குப் புதுசு வாங்கச் சொல்லி நானும் சொல்லமாட்டேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போவதால் ராம் விலை ஏறிக் கிடக்கிறது. புதுசு வாங்க இது நல்ல நேரம் இல்லை. அலுவலகங்கள் ஒப்பந்தம் முடிந்து திருப்பித் தரும் மெஷின்களைப் பாருங்கள். ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் மாதிரி. ஐ5-8500 போட்டது கேளுங்கள்: ஆறு கோர், டிபிஎம் 2.0 இருக்கும், 11 முறையாக ஏறும். போன வருடம் ஒரு துணிக்கடைக்கு 750 வெள்ளிக்கு எடுத்துக் கொடுத்தேன். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மேல்மாடிகளையும் ஏறிப் பார்த்து நான்கு கடையில் விலை கேளுங்கள். வாரண்டியை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பாயான்_பாரு

அந்தச் சின்னப் பெட்டி ஆபிஸ் மெஷினில் பவர் சப்ளை அந்தக் கம்பெனி அளவில் இருக்கும். போனால் கடையில் கிடைக்கும் சாதாரணமானது உள்ளே உட்காராது. அதையும் சொல்லித்தான் வாங்கச் சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த்_அக்கா

இரண்டு பேரும் விண்டோஸை விட்டு வெளியே வரவே இல்லை. என் அம்மாவின் கணினி இதைவிடப் பழசு. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினேன். அப்டேட் 2029 வரை வரும், காசு கிடையாது. பையனின் பள்ளிக் கற்றல் தளமான டெலிமா பிரவுசரிலேயே திறக்கும். வரித் தாக்கலும் பிரவுசரில்தான். தமிழ் எழுத ஐபஸ் எம்17என் என்ற பொதியைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வரும், ஒலிமுறையும் வரும். முதல் வாரம் அம்மா 'என் பட்டனைக் காணோம்' என்று தினமும் கூப்பிட்டார். அப்புறம் பழகிவிட்டது. அப்பா எதில் தட்டச்சு செய்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.

செந்தூல்காரி

பாயான் அண்ணன் சொன்னபடி பார்த்தேன். சிபியு 7, டிஸ்க் 100. அப்படியே நிற்கிறது.

தம்பி ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பி டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்போவும் போட்டுப் பார்க்கச் சொன்னார். மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை' காட்டுகிறது. ரீஅலோகேட்டட் செக்டர் என்ற வரியிலும் மஞ்சள் புள்ளி.

அப்பா முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் பழைய பதிப்பில் எழுதியவர். 2001லிருந்து எழுதிய கோப்புகள் 340க்கு மேல் இருக்கின்றன. என் ஆபிஸ் லேப்டாப்பில் ஒன்றைத் திறந்து பார்த்தேன், எல்லாம் கோணல்மாணலான ஆங்கிலக் குறிகளாக வருகிறது. இந்தக் கணினியில் மட்டும்தான் தமிழாகத் தெரிகிறது. அப்பா இதை விடமாட்டேன் என்று சொன்னதன் காரணம் நேற்று ராத்திரிதான் எனக்குப் புரிந்தது.

பாயான்_பாரு

இப்போதே கணினியை அணைத்து வையுங்கள். டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது. நான் வேகத்தை மட்டும் யோசித்தேன். டிஸ்கின் உடல்நிலையை முதலில் கேட்டிருக்க வேண்டும், அது என் தவறு. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வந்தபிறகு மட்டும் போடுங்கள். முதலில் அப்பாவின் போல்டர், அடுத்து படங்கள், அதற்கும் பிறகு மற்றவை. முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுக்கும் (குளோன்) யோசனை இப்போது வேண்டாம். கெட்டுப்போன இடத்தில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் திணறினால் உள்ளதும் போகும்.

கெப்போங்_வயர்

அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள் அக்கா. எந்தக் கணினி வாங்குவது என்பதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.

அச்சுக்கூடத்தார்

நான் தமிழ் அச்சகத்தில் பக்கம் கட்டியவன். அப்பாவின் கோப்புகள் பெரும்பாலும் டிஸ்கி (TSCII) என்ற முறையில் இருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நாம் புழங்கிய தமிழ்க் குறியீட்டு முறை அது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளில் அந்த எழுத்துருக்கள்தான் வந்தன. ஆங்கில எழுத்தும் எண்ணும் அதில் மாறாது, அதனால் கோயில் கணக்கின் தொகைகள் எங்கே திறந்தாலும் சரியாகத் தெரியும். தமிழ் மட்டும் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் குறிகளாகச் சிதறும். எழுத்து அழியவில்லை, பயப்பட வேண்டாம்.

கோப்புகளோடு விண்டோஸின் ஃபான்ட்ஸ் போல்டரையும் சேர்த்து நகலெடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் முக்கியமான கட்டுரைகளைப் பழைய கணினியிலேயே எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்குங்கள், அது எந்தக் கணினியிலும் அதே முகத்தோடு திறக்கும். திருத்தி எழுத வேண்டியவற்றை என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றலாம். பழைய மூலக் கோப்பை மட்டும் ஒருபோதும் அழிக்காதீர்கள்.

லினக்ஸ் நல்லதுதான். ஆனால் இந்த மாற்று வேலை முடியும்வரை ஐயாவை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

பட்டர்வொர்த்_அக்கா

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் அம்மாவிடம் பழைய கோப்புகள் கிடையாது, அந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை.

செந்தூல்காரி

ஐந்து நாள் கழித்து வருகிறேன். இரண்டு ராத்திரி நகலெடுத்தோம். அப்பாவின் கோப்புகளில் நான்கு மட்டும் படிக்க முடியாமல் போயின, மற்ற எல்லாம் பத்திரம். அதில் இரண்டின் அச்சுப்படி அப்பாவின் அலமாரியில் இருக்கிறது.

500 ஜிபி எஸ்எஸ்டி போட்டாயிற்று. விண்டோஸ் 10 புதிதாக ஏற்றி, நீட்டிப்பிலும் பதிவு செய்துவிட்டேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே திரை வந்துவிடுகிறது. ராம் வாங்கவில்லை, கெப்போங் தம்பி சொன்னது போல அது போர்டோடு போகும் காசு. மகனுக்கும் எனக்கும் ஐ5-8500 ஒன்று அடுத்த மாதம் எடுக்கப் போகிறோம். அதுவரை வங்கி வேலை கைப்பேசியில்.

பாயான்_பாரு

4 ஜிபியில் அப்பா சிரமப்படுவார். 8 ஆக்குவது நல்லது என்று இப்போதும் சொல்வேன்.

கெப்போங்_வயர்

அக்டோபர் 13க்குப் பிறகு அந்தக் கணினியில் நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள் அக்கா. எழுதுவதற்கு நெட் வேண்டாம். கோப்புகளின் நகல் ஒன்று தங்கை வீட்டிலோ எங்கோ இருக்கட்டும். கணினி வாங்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வாழ்க்கைமுறை வரிக்கழிவு 2,500 வெள்ளி வரைக்கும் இருக்கிறது. புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை. பழைய டிஸ்கைக் குப்பையில் போட வேண்டாம், மின்னியல் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

செந்தூல்காரி

சரி தம்பி. அச்சுக்கூடத்து ஐயாவுக்கு ஒரு கேள்வி. அப்பா 2003ல் எழுதிய கட்டுரை ஒன்றை யூனிகோடாக மாற்றினோம். அப்பா படித்துப் பார்த்து, எல்லாம் சரி, சில இடத்தில் ஒற்றைக் கொம்பு மட்டும் எழுத்தை விட்டுத் தனியாக நிற்கிறது என்கிறார். கோப்பு கெட்டுவிட்டதா?

அச்சுக்கூடத்தார்

கெடவில்லை. டிஸ்கியில் நாம் கையால் எழுதும் வரிசைதான், கொம்பு முதலில், பிறகு மெய். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். மாற்றும் மென்பொருள் இரண்டையும் இடம் மாற்றிவைக்க வேண்டும். நடுவில் தடித்த எழுத்தோ நிறமோ தொடங்கியிருந்தால் கொம்பும் மெய்யும் பிரிந்துபோய் அதற்குப் பிடிபடாது. கட்டுரையை முதலில் நோட்பேடில் ஒட்டுங்கள், தடிப்பும் நிறமும் போய்விடும். பிறகு மாற்றிப் பாருங்கள். அப்படியும் நின்றால் அந்த வரியை மட்டும் இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.