கர்ப்பகாலத்தில் மெதுவோட்டம்: வேகம் இவ்வளவு சீக்கிரம் குறையுமா?

தண்ணீர்மலை ஓட்டக்காரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் வசிக்கும் நான் ஆறு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் தாவரவியல் பூங்காவில் ஓடி வருகிறேன். பினாங்குப் பாலத்து ஓட்டத்தில் அரை மாரத்தானையும் முடித்திருக்கிறேன். முதல் குழந்தையைச் சுமக்கும் எனக்கு இப்போது 14 வாரம் ஆகிறது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகவும், வழக்கமாகச் செய்து வந்ததைத் தொடரலாம் என்றும் மருத்துவர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால், ஒரு கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் கடந்து வந்த எனக்கு, வயிறு வெளியே தெரியாத இந்த நிலையிலேயே எட்டு நிமிடம் பிடிக்கிறது. மெதுவாக ஓடினாலும் கைக்கடிகாரம் இதயத்துடிப்பை 155 என்று காட்டுகிறது. பூங்காவின் முதல் மேட்டை ஏறுவதற்குள் மூச்சிரைத்து நின்றுவிடுகிறேன். முன்பு என்னைக் கண்டால் பாதையை விட்டு விலகும் குரங்குகள் இப்போது அசைவதுகூட இல்லை. உடன் ஓடும் ஒருவர், துடிப்பு 140-ஐத் தாண்டவே கூடாது என்கிறார். மாமியாரோ, உடம்பு குலுங்கினால் பிள்ளை தங்காது என்று, நான் காலணி அணியும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்கிறார். இப்படி வேகம் குறைவது இயல்புதானா? எந்த அளவை நம்பி ஓடுவது?

பிசியோதெரபிஸ்ட், கோலாலம்பூர்

வாழ்த்துகள், தங்கையே. வயிறு தெரிவதற்கு முன்பே உங்கள் இதயம் வேலையைக் கூட்டிவிட்டது. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு உயரத் தொடங்கி, பிற்பாடு வழக்கத்தைவிட 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 10 முதல் 20 வரை அதிகமாக இருக்கும். கர்ப்பத்தில் மிகும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மூச்சை ஆழமாக இழுக்கத் தூண்டுவதால், மேடு ஏறாமலேயேகூட மூச்சு வாங்குவது போலத் தோன்றலாம். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் ஈடுகொடுக்காததால் ஹீமோகுளோபின் அளவும் இறங்குகிறது. ஆகவே எட்டு நிமிடம் என்பது சோம்பலும் அன்று, ஆபத்தும் அன்று; இருந்தாலும் அடுத்த பரிசோதனையில் இரத்தச்சோகை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

140 என்ற கணக்கு, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 1985-இல் விதித்த வரம்பாகும். அதை அவர்களே 1994-இல் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் ஓடுவோர் வட்டத்தில் அது இன்னும் உயிரோடு உலவுகிறது. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை வாக்கியம் அறுந்தால், உடனே நடைக்கு மாறிவிடலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, சிக்கலற்ற கர்ப்பத்தில் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. பனிக்குட நீருக்குள் மிதக்கும் பிள்ளையை உங்கள் ஓட்டத்தின் குலுக்கல் கலைத்துவிடாது என்பதை மாமியாரிடம் மருத்துவரையே சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் எடுபடாது.

நம் ஊரில் எனக்குக் குலுக்கலைவிட வெக்கைதான் கவலை தருகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உடலின் உள்வெப்பம் 39 டிகிரிக்கு மேல் ஏறுவதை, முதல் மூன்று மாதங்களில் மிகக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறோம். விடிந்தும் விடியாத வேளையில் ஓடி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் வெளியே ஓடவே வேண்டாம். வயிற்றுத் தசைப் பயிற்சிகளை மல்லாந்து படுத்துச் செய்யும் பழக்கம் இருந்தால், 20 வாரத்துக்குப் பிறகு அதை விட்டுவிடுங்கள். கருப்பையின் பாரம், இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும்.

பாயான் லெப்பாஸ் அக்கா

இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோதும் ஓடியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் முறை 26-ஆவது வாரத்தில், காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவுடன் அடிவயிற்றின் நடு எலும்பில் சுருக்கென்று வலித்தது. ஓட்டக்காரிகளுக்கே உரிய பிடிவாதத்தால் மேலும் இரண்டு வாரம் ஓடினேன். அதன்பின், கட்டிலில் உட்கார்ந்தால்தான் காற்சட்டையில் கால் நுழைக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் கர்ப்பத்தில் தளர்வதால் இது பலருக்கு வருவதுண்டு என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் முறை அந்த வலி எட்டிப் பார்த்த அன்றே ஓட்டத்தை நிறுத்தி, நீச்சல் குளத்துக்கு மாறினேன். பிரசவத்துக்கு நான்கு நாளுக்கு முன்புவரை நீந்தினேன்.

தாவரவியல் பூங்காவில் வேர் புடைத்த பாதைகளையும் மழைக்குப் பின் பாசி பிடித்த படிகளையும் இப்போதே தவிர்க்கத் தொடங்குங்கள். வயிறு முன்தள்ளும்போது உடலின் சமநிலை மாறுகிறது, ஆனால் கால்களுக்குப் பழைய கணக்குதான் நினைவிருக்கும். 21-ஆவது வாரத்தில் நான் அப்படித்தான் முழங்காலில் விழுந்தேன். வயிற்றில் அடிபடவில்லை என்றாலும் அன்றே போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். பிறகு யூத் பார்க்கின் சமதளத்துக்கு மாறியதற்குக் கழிப்பறை அருகில் இருந்ததும் ஒரு காரணம். வயிற்றைத் தாங்கும் பட்டி எனக்கு உதவியது; காலணியும் அரை அளவு பெரிதாகத் தேவைப்பட்டது.

பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் பிள்ளை பெற்று, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார் என்று யாராவது உங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். அது அவருடைய தொழில். நான் பிள்ளை பெற்று 12 வாரம் கழித்து ஓட முயன்றபோது, முதல் நூறு மீட்டரிலேயே சிறுநீர் கசிந்தது. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நான் அப்போதுதான் தொடங்கினேன். நீங்கள் இன்றே தொடங்கிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி

மேலே சொன்னவை சிக்கலற்ற கர்ப்பத்துக்கே பொருந்தும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, கருப்பை வாய் பலவீனமாக இருந்தாலோ, இரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, இரட்டைப் பிள்ளைகள் என்றாலோ, மருத்துவரைக் கேட்காமல் ஓடக்கூடாது. ஓடும்போது உதிரம் பட்டாலும், நீர் கசிந்தாலும், சீரான இடைவெளியில் வயிறு இறுகி வலித்தாலும், நெஞ்சு வலித்தாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம் என்று எண்ணாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகம், அதாவது உங்கள் கர்ப்பகாலப் பதிவேடு, எப்போதும் காரில் இருக்கட்டும்.

தண்ணீர்மலை ஓட்டக்காரி

அனைவருக்கும் நன்றி. இன்று கிளினிக்கில் பார்த்ததில் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக 10.4 இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று தாதி கேட்டார். காலையில் பசியாறும்போது தே தாரேக்கோடு என்றேன். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று சொல்லி, கொய்யாப் பழத்தோடு இரவில் சாப்பிடச் சொன்னார். மாமியாரும் உடன் வந்து அனைத்தையும் கேட்டார். நாளை காலை யூத் பார்க்கில் அவர் நடக்க, நான் ஓட வேண்டும் என்றும், ஒவ்வொரு சுற்றிலும் அவரைக் கடக்கும்போது நின்று முழுதாக ஒரு வாக்கியம் பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் முடிவாகியிருக்கிறது.