கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக்குத் தமிழ் வரிகள் யாரிடமாவது இருக்கிறதா?

கிருஷ்ணகிரி பக்கம் எலத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். இந்த வருடம் வீடு வீடாகப் போகும்போது ‘ஓ ஹோலி நைட்’ பாட்டைத் தமிழில் பாட ஆசை. பிரெஞ்சுப் பாட்டு அது. 1855-ல் அமெரிக்கரான ஜான் சல்லிவன் டுவைட் ஆங்கிலத்தில் ஆக்கினார். அடிமையும் நம் சகோதரனே, அவன் சங்கிலி அறுபடும் என்கிறது மூன்றாம் சரணம். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி இருந்த காலத்திலேயே! எனக்கு உயிரான வரிகள்.

எங்கள் பெரியவர்கள் சிலர், “அந்தச் சரணம் அரசியல், விட்டுவிடுங்கப்பா” என்கிறார்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எது?

மூன்றாம் சரணத்தோடு நல்ல தமிழாக்கம் இருந்தால் அனுப்புங்கள். ஆர்மோனியத்துக்கு ஸ்வரக் குறிப்பும் கிடைத்தால் பெரிய உதவி. அப்புறம், வாழ்த்துச் சொல்ல வரும் கட்சிக்காரர்களுக்கு உங்கள் ஊரில் மைக் கொடுப்பீர்களா?