பணி, பணி, பணி: மூன்றுக்கும் ஒரே சொல்லா?

கிளிநொச்சியிலிருந்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். கணினி வகுப்புக் கைநூலுக்குத் தமிழ்ச் சொற்கள் கேட்டு எழுதுகிறேன். ஞாயிறு மதியத்துக்குள் அதை அச்சுக்கடையில் கொடுக்க வேண்டும், திங்கள் காலை வகுப்பு. அதனால் நேராக விசயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை பிள்ளைகளுக்குக் கூகுள் கிளவுட் ரன்னில், அதாவது எங்கள் நிரலைக் கூகுளின் கணினியில் ஓட்டித் தருகிற சேவையில், கொள்கலன் ஒன்றை (நிரலையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டின பொதி) ஓட்டிக் காட்டினேன். பழைய வினாத்தாள்களை ஸ்கான் பண்ணி வைத்திருக்கிறேன், அந்தப் படங்களை எழுத்தாக மாற்றுகிற சின்ன நிரல். 12 துண்டாகப் பிரித்து விட்டேன். 11 பச்சை. 7ஆம் இலக்கம் மட்டும் விழுந்து, திரும்ப மூன்று தரம் முயன்றும் சரிவராமல் சிவப்பாகி நின்றது. உடனே மொத்தமும் தோல்வி என்று திரை சொல்லிவிட்டது. பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள், "சேர், பணி முடிஞ்சுதா, முடியேல்லையா?" என்று. பதில் சொல்ல வாய் வரவில்லை. என் கைநூலில் நானே எழுதி வைத்திருக்கிற வசனம் இது: "பணியின் ஒரு பணி தோற்றால் அந்தப் பணி தோற்றதாகும்."

ஆங்கிலத்தில் ஜொப், எக்சிகியூஷன், டாஸ்க் என்று மூன்று. எந்தப் படிமத்திலிருந்து கொள்கலனை எடுப்பது, எவ்வளவு நினைவகம், எத்தனை துண்டு என்று எழுதி வைத்த ஏற்பாடு ஜொப். அதை ஒரு தரம் ஓட்டினால் எக்சிகியூஷன். அந்த ஓட்டத்துக்குள் தனித்தனியாக முடிய வேண்டியது டாஸ்க், அது 10,000 வரை போகலாம். மூன்றையும் பிரித்துக் காட்ட மூன்று சொல் வேண்டும். பாட்சுக்கும், அதாவது சேர்த்து வைத்து ஒரே தரத்தில் ஓட்டுகிற கூட்டத்துக்கும், ஒன்று தந்தால் புண்ணியம்.

மல்லாவியிலிருந்து, வெள்ளி அதிகாலை

தம்பி, பாட்சுக்குத் 'தொகுதி' என்று மட்டும் போட்டுவிடாதையும். விஞ்ஞானப் புத்தகத்தில் சமிபாட்டுத் தொகுதி, தேர்தல் வந்தால் கிளிநொச்சித் தொகுதி, ஏற்கெனவே அந்தச் சொல் சுமை தாங்காமல் நிற்கிறது. நான் தருவது 'ஈடு'. இடு என்ற பகுதி நீண்டு ஈடு ஆனது, கெடு கேடு ஆனது போல, சுடு சூடு ஆனது போல. முதனிலை திரிந்த தொழிற்பெயர், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு தரத்தில் இடுகிற அளவு ஈடு. இட்டலிச் சட்டியில் முதல் ஈடு இறங்கிய பிறகுதானே அடுத்த ஈடு? இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

சூடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. களத்தில் கதிரைக் குவித்துச் சூடு வைக்கிறோமே, அந்தச் சூடு வெப்பத்திலிருந்து வந்ததில்லை, தலையில் பூச்சூடுகிற சூடு என்பது என் எண்ணம். கட்டுக் கட்டாக மேலே ஏற்றி முடி சூட்டுவது போல அடுக்குவது. சூடு மிதிப்பது என்றால் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் முடிப்பது. 'சூட்டு வேலை' என்றாலும் பாட்ச் ஜொப் வந்துவிடும்.

வவுனியாவிலிருந்து, வெள்ளி காலை

ஐயா குறை நினைக்கக் கூடாது. ஈடு என்றால் இங்கே காணி ஈடு. 'ஈட்டு வேலை' என்று சொன்னால் என் அம்மா உறுதியைத் தூக்கிக்கொண்டு நொத்தாரிசிடம் போய்விடுவா. சூட்டு வேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, வன்னியில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை வகுப்பில் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது.

கிளிநொச்சித் தம்பிக்கு ஒன்று: டாஸ்க் இலக்கம் பூச்சியத்தில் தொடங்குகிறது. 7ஆம் இலக்கம் என்றால் எட்டாவது துண்டு. நீர் எந்தக் கோப்பைத் திறந்து பார்த்தீர்?

கிளிநொச்சியிலிருந்து, வெள்ளி காலை

ஏழாவதை. இரண்டு மணித்தியாலம்.

புதுக்குடியிருப்பிலிருந்து, வெள்ளி மதியம்

பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, வேலை விளம்பரமும் ஆங்கிலத்தில் வருகிறது, பிள்ளை நேர்முகத்துக்குப் போய் 'ஈடு' என்றா சொல்லப் போகிறது? ஜொப் என்றே போட்டுவிடுங்கோ. கணனியா கணினியா என்று அடிபட்டோமே, பிள்ளைகள் இப்பவும் கொம்பியூட்டர் என்றுதான் சொல்லுகினம்.

மல்லாவியிலிருந்து, வெள்ளி மாலை

தாராளமாக எடுக்கலாம், தொல்காப்பியரே வடசொல்லை எடுக்கச் சொல்லும்போது வடவெழுத்தை நீக்கி எடுக்கத்தான் சொன்னார். நீக்கிப் பாரும். ஜகரம் போய்ச் சகரம் வரும், தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் கடைசியில் ஓர் உகரமும் ஏறும். கிடைப்பது 'சொப்பு'. சின்னப் பிள்ளைகள் மண்சோறு காய்ச்சுகிற சொப்பு. கூகுள்காரன் சந்தோசப்படுவான்.

முள்ளியவளையிலிருந்து, வெள்ளி இரவு

நான் படிப்பிப்பது கணினி, விடிந்தால் வயல். ஆகவே வயலில் இருந்தே சொல்கிறேன். சுனாமி என்று சொல்லுகிற அந்த வெட்டு மெசினை எடுத்துக்கொள்ளுங்கோ. அது எங்களுடையதில்லை. காலபோகம் வெட்டுக்கு வந்தால் சொல்லிவிடுவோம், வரும், வெட்டும், போகும், ஏக்கர் கணக்கில் காசு. மற்ற மாதங்களில் அது எங்கே நிற்கிறது, யார் கிறீஸ் பூசுகிறான் என்று எங்களுக்குக் கவலையில்லை. கிளவுட் ரன்னும் அதுதான், ஓடின நேரத்துக்குக் காசு. அதனால்தான் அதைச் 'சேவையகமற்ற', அதாவது ஓட்டுகிற கணினியே இல்லாத, என்று சொல்லுவதில் எனக்கு வயிற்றெரிச்சல். மெசின் இல்லாமல் ஆர் வெட்டினது? மெசின் இருக்கு, என் வளவுக்குள் இல்லை, அவ்வளவுதான்.

என் சொற்கள்: வயலை வெட்டுவது என்று பேசி வைத்தது வேலை. இந்தப் போகத்து வெட்டு ஓட்டம். வரம்புக்கு வரம்பு பிரித்துக் கொடுத்தது கூறு. ஒரு கூறு நனைந்து வெட்ட முடியாமல் கிடந்தால் இந்தப் போகத்து ஓட்டம் பழுது, வேலை பழுதில்லை, அடுத்த போகம் திரும்ப ஓட்டலாம். அந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்.

டைமவுட்டுக்கு, அதாவது இவ்வளவு நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற எல்லைக்கு, புதுச்சொல்லே வேண்டாம், கெடு இருக்கு. நாங்கள் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் கூறு ஒன்றுக்குக் கெடு 10 நிமிடம், கேட்டால் 168 மணித்தியாலம் வரை தருவான்.

வவுனியாவிலிருந்து, சனி காலை

வேலை, ஓட்டம், கூறு. என் கை உயருகிறது. நிரல் பூச்சியம் என்று சொல்லி முடித்தால் வெற்றி என்பதை மட்டும் தனியாக விளக்குங்கோ, எங்கட பிள்ளைகளுக்குப் பூச்சியம் எடுத்தால் அடிதான் ஞாபகம் வரும்.

புதுக்குடியிருப்பிலிருந்து, சனி காலை

சரி, எனக்குச் சண்டையில்லை. முதல் பக்கத்தில் ஒரு தரமாவது ஜொப், டாஸ்க் என்று தமிழ் எழுத்திலேனும் போடுங்கோ.

மல்லாவியிலிருந்து, சனி மாலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'கூறு' பெயரா ஏவலா? "இரண்டு கூறு தோற்றன, காரணம் கூறு" என்று வினாத்தாளில் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? பாட்சை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். ஈடு நிற்கிறது.

கிளிநொச்சியிலிருந்து, ஞாயிறு மதியம்

வேலை, ஓட்டம், கூறு என்று மாற்றி 30 பிரதி அடித்தாயிற்று. பாட்சுக்கு 'தொகுதி' என்றே விட்டேன், ஐயா மன்னிக்க வேண்டும், கடைக்காரர் ஒரு மணிக்குப் பூட்டுகிறேன் என்று நின்றார். சேவையகமற்ற என்பதையும் தொடவில்லை.

மல்லாவியிலிருந்து, ஞாயிறு மாலை

நீர் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் இன்னும் ஒரு 'பணி' நிற்கிறது. அது வேலையா கூறா?