1966 அலியா, 1988 டைசனா? தேதியைச் சொல்லிவிட்டு வாதாடுவோம்

லோரிக்காரன் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். காய்ப்பு அதிகமான மாதங்களில் ஆலை வாசலில் எடை போட வரிசை நீண்டுவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டு மர நிழலில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியோ குத்துச்சண்டைக்கு வந்துவிடும். எங்கள் வரிசையில் பாதிப் பேர் மைக் டைசன் கட்சி. மீதிப் பேர் என்னைப் போல முகமது அலி கட்சி. இருவரும் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார் என்பதுதான் எங்கள் சண்டை.

சண்டை நடக்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அலி கட்சிக்காரர் ஒருவர் கைப்பேசியை எடுத்து, 2002இல் லெனாக்ஸ் லூயிஸிடம் டைசன் எட்டாவது சுற்றில் மல்லாந்து கிடப்பதைக் காட்டுவார். உடனே அந்தப் பக்கத்திலிருந்து 1980 படம் வரும். லாரி ஹோம்ஸ் பத்து சுற்று அடிக்கிறார், அலி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருவருக்கு அப்போது வயது 35, இன்னொருவருக்கு 38. இரண்டு பேருமே முடிந்துபோன பிறகு வாங்கிய அடியை வைத்து யார் பெரியவர் என்று எப்படித் தீர்ப்பது? மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் இருவரும் உச்சத்தில் இருந்த இரண்டு தேதிகளைச் சொல்கிறேன். அலிக்கு 1966 நவம்பர் 14. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் முடித்த இரவு. 24 வயது, 96 கிலோ. டைசனுக்கு 1988 ஜூன் 27. அட்லாண்டிக் சிட்டியில் அதுவரை யாரிடமும் தோற்காத மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் சாய்த்த இரவு. 21 வயது, 99 கிலோ. ஆம், உயரத்தில் ஐந்து அங்குலம் குறைந்த டைசன்தான் எடையில் மூன்று கிலோ கூடுதல். இதை எங்கள் வரிசையில் யாரும் நம்பவில்லை.

என் கணிப்பு அலி. காரணம் டைசன் ஜெயித்த சண்டைகளிலேயே இருக்கிறது. 1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ் நகர்ந்து நகர்ந்து ஆடி பத்து சுற்றும் நின்றார். அதே மாதம் மிட்ச் கிரீனும் பத்து சுற்று. 1987இல் போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே பன்னிரண்டு சுற்றை ஓட்டினார். டோனி டக்கரும் பன்னிரண்டு. காலால் நகரத் தெரிந்தவர், கையால் பிடிக்கத் தெரிந்தவர், இந்த இரண்டு வகைக்காரர்களையும் டைசனால் வீழ்த்த முடியவில்லை. அலிக்கோ இரண்டுமே கைவந்த கலை.

என் பயம் ஒன்றே ஒன்று, இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து. 1962இல் சோனி பேங்க்ஸ், 1963இல் வெம்பிளியில் ஹென்றி கூப்பர், 1971இல் ஜோ ஃப்ரேஸியர். மூன்று பேரும் அலியைத் தரையில் உட்கார வைத்தது அதே குத்தால்தான். முதல் நாலு சுற்றில் டைசனின் இடது கையிலிருந்து அலி எப்படித் தப்பிப்பார்? கையுறை மாட்டிப் பழகியவர்கள் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மூன்றாம் கட்டை:

அண்ணே, தேதி வைத்தது நல்லது. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த தேதியே உங்களுக்கு எதிராக நிற்கிறது. வில்லியம்ஸ் 1964இல் போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டு வயிற்றில் பாய்ந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அலி அன்றைக்கு அழகாக ஆடினார், நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். எதிரில் நின்றவர் பாதி மனிதர். அதை வைத்து அலியின் உச்சத்தை அளக்க முடியாது.

அப்புறம் ஃப்ரேஸியர். 1971இல் அவர் 93 கிலோ. சூடு ஏறவே இரண்டு மூன்று சுற்று ஆகும். இடது கை மட்டும்தான் பயங்கரம். அவரே அலியை விழவைத்தார். டைசன் அவரைவிட ஆறு கிலோ அதிகம், மணி அடித்த முதல் விநாடியிலிருந்து வேகம், இரண்டு கையிலும் மரணம். ஜாப் என்பது முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிப் போடும் குத்து. ஹோம்ஸின் ஜாப் அலியின் ஜாபுக்குக் குறைந்ததா? 1988 ஜனவரியில் நாலாவது சுற்றில் ஹோம்ஸ் காலை ஆட்டி ஜாப் போட ஆரம்பித்தார், கூட்டம் எழுந்து நின்றது. அதே சுற்றில் மூன்று முறை விழுந்தார். என் தீர்ப்பு, டைசன், ஐந்து சுற்றுக்குள்.

கூலிம் தங்கச்சி:

நான் படிக்கிற காலத்தில் போட்டிகளில் ஆடியிருக்கிறேன். குட்டைப் பெண், எதிரில் வருபவர்கள் எல்லாரும் என்னைவிட உயரம். அதனால் டைசன் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

உயரமானவரின் ஜாபைத் தாண்டி உள்ளே போவதுதான் எங்கள் ஆயுள் வேலை. தலையை மட்டும் ஆட்டினால் போதாது, காலும் கூடவே நகர வேண்டும். டைசன் ஜாபுக்கு வெளியே தலையைச் சாய்க்கும்போதே அவர் முன்கால் அரை அடி உள்ளே வந்துவிடும். தப்பிப்பதும் நுழைவதும் ஒரே அசைவு. உள்ளே வந்ததும் அவர் தலையைத் தேடுவதில்லை. வலது கையால் விலாவில் ஒரு ஹூக். எதிராளியின் முழங்கை தானாகக் கீழே இறங்கும். கையைப் பின்னுக்கு இழுக்காமல் அதே வலது கையால் கீழிருந்து மேலாகத் தாடைக்கு ஓர் அப்பர்கட். மேடை மூலையிலிருந்து பயிற்சியாளர் கெவின் ரூனி எண்களைச் சொல்வார், ஒவ்வோர் எண்ணும் ஒரு குத்து. டைசனை வளர்த்த பயிற்சியாளர், மறைந்த கஸ் டமாட்டோ பழக்கிய முறை அது.

அலியின் காப்பு என்ன? கையைத் தொங்கவிட்டு இடுப்பிலிருந்து பின்னால் சாய்வது. முகத்துக்கு வரும் குத்துக்கு அது போதும். ஆனால் பின்னால் சாயும்போது தலைதான் விலகும், விலா இருந்த இடத்திலேயே இருக்கும். லோரி அண்ணன் இடது ஹூக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்கு அந்த விலாக் குத்துதான் பெரிய கவலை. அதுதான் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு காலைக் கட்டிப்போடும். கால் போன அலி வேறு அலி.

அவருக்கு ஒரு வழி உண்டு. 1974 ஜனவரியில் ஃப்ரேஸியருடன் இரண்டாம் தடவை மோதிய சண்டையைப் பாருங்கள். ஃப்ரேஸியர் உள்ளே நுழைந்த ஒவ்வொரு தடவையும் அலி இடது கையைப் பின்கழுத்தில் போட்டுத் தலையைக் கீழே அமுக்கினார். குனிந்த தலையோடு யாராலும் பலமாகக் குத்த முடியாது. நடுவர் கண்டுகொள்ளவில்லை, அலி பன்னிரண்டு சுற்றில் புள்ளிகளில் ஜெயித்தார். ஆகவே நடுவர் யார் என்று முதலில் சொல்லுங்கள். பிடித்ததும் புள்ளியைக் குறைக்கிறவராக இருந்தால் டைசன். விட்டுவிடுகிறவராக இருந்தால் அலி.

பழைய கிராணி:

பிள்ளைகளே, நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேகா அரங்கில் அலி ஜோ பக்னருடன் மோதியபோது நான் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து சுற்றும் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது, கால் தெரியும். ஒரு சுற்றில் ஆடுவார், அடுத்த சுற்றில் கயிற்றோரமாக நின்று மூச்சு வாங்குவார், பிறகு இடது கையை நீட்டி நீட்டிப் புள்ளி சேர்ப்பார். பக்னர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது. ஒரு மனிதர் தன் பலத்தை எப்படிக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறார் என்று கண்ணால் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஃப்ரேஸியரோடு பதினாலு சுற்று நின்றாரே, அந்தக் கணக்கு அங்கே உதவியது.

நான் சொல்ல வருவது இதுதான். நாம் கொண்டாடும் அலி, அதாவது கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்தியவர், மணிலாவில் நின்றவர், எல்லாம் உச்சம் கடந்த அலி. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காக 1967இல் பட்டத்தையும் உரிமத்தையும் பிடுங்கிவிட்டார்கள். மறுபடி மேடை ஏறியது 1970 அக்டோபரில். 25 வயதிலிருந்து 28 வயது வரை ஒரு சண்டை இல்லை. அந்த வயதில்தான் காலின் வேகத்தோடு அறிவும் உடம்பு பலமும் ஒன்று சேரும். அந்த அலியை யாருமே பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை. எத்தனை சுற்று? அலி காலத்தில் பட்டச் சண்டை பதினைந்து சுற்று. டைசன் பன்னிரண்டுக்கு மேல் போனதே இல்லை. பதினைந்து என்று வைத்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, அலிதான்.

மூன்றாம் கட்டை:

கிராணி ஐயா, அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள், மரியாதையோடு கேட்கிறேன். ஐந்தாவது சுற்றில் முடியப் போகிற சண்டைக்குப் பன்னிரண்டு என்றால் என்ன, பதினைந்து என்றால் என்ன? அலிக்குக் கிடைக்காத மூன்று வருடத்தைப் பேசினால், டைசனின் கணக்கையும் பேச வேண்டும். டமாட்டோ 1985இல் இறந்தார். ரூனியை 1988 முடிவதற்குள் விலக்கினார்கள். 1990இல் டோக்கியோவில் டக்ளஸிடம் தோற்றவர் தலையையே அசைக்காத டைசன். மூலையில் சரியான பயிற்சியாளரோடு இன்னும் ஐந்து வருடம் இருந்திருந்தால்? அந்த டைசனையும்தான் யாரும் பார்க்கவில்லை.

லோரிக்காரன் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் நன்றி. நேற்று மதியம் எல்லாவற்றையும் வரிசையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கிராணி ஐயா எழுதியதைப் படிக்கும்போது டைசன் கட்சியும் அமைதியாகக் கேட்டது.

மூன்றாம் கட்டை, ஹோம்ஸைப் பற்றி நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியாது. அன்றைக்கு அவருக்கு 38 வயது, கிட்டத்தட்ட இரண்டு வருடம் மேடை ஏறாமல் இருந்துவிட்டு வந்தார். வில்லியம்ஸ் பாதி மனிதர் என்றால் ஹோம்ஸும் பாதிதான். ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வையுங்கள். அந்தப் பாதி ஹோம்ஸே கால் ஆடியபோது டைசனைக் கொஞ்ச நேரம் குழப்பினார் என்றால், 24 வயதில் ஒரு சுற்றின் மூன்று நிமிடமும் ஓயாமல் சுற்றுகிறவரை என்ன செய்வார்? ஸ்பிங்ஸும் கீழ் எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி சொன்ன விலாக் குத்துதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. எங்கள் வரிசையில் யாரும் அதைப் பேசியதே இல்லை, எல்லாரும் முகத்தையே பார்க்கிறோம். ராத்திரி உட்கார்ந்து 1974 சண்டையைத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பின்கழுத்துப் பிடி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழுகிறது. ஃப்ரேஸியரைவிட டைசனின் கழுத்து தடிமன், அமுக்குவது கஷ்டம். ஆனால் ஸ்மித் பிடித்தபோது டைசன் உதறிக்கொண்டு குத்தவில்லை, நடுவர் வந்து பிரிக்கட்டும் என்று காத்திருந்தார். பன்னிரண்டு சுற்றிலும் அதே கதை. எனக்கு அதுதான் சாட்சி.

என் முடிவைச் சொல்கிறேன். பன்னிரண்டு சுற்று என்றே வைத்துக்கொள்வோம், டைசனின் காலத்து விதி. இரண்டாவது சுற்றில் அலி ஒரு தடவை விழுவார், எழுந்துவிடுவார். கூப்பரிடம் விழுந்தும் எழுந்தார், ஃப்ரேஸியரிடம் பதினைந்தாவது சுற்றில் அவ்வளவு களைப்பிலும் எழுந்தார். நாலு வரைக்கும் டைசன் முன்னால். ஆறாவதிலிருந்து ஜாப் கண்ணை மூட ஆரம்பிக்கும். அலிக்கு 78 அங்குலக் கை, டைசனுக்கு 71. கடைசியில் புள்ளிகளில் அலி, புள்ளி போடும் மூன்று நடுவர்களில் ஒருவராவது டைசனுக்குக் கொடுப்பார்.

கூலிம் தங்கச்சி:

பிடிக்கு அபராதம் போடாத நடுவர் என்றால் ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் விழுவது இரண்டாவதில் இருக்காது. விலாவில் போதுமான அளவு வாங்கிய பிறகுதான் கை இறங்கும். ஐந்தாவது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டை:

ஐந்தாவதில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். நான் சொன்ன சுற்றும் அதேதான்.

பழைய கிராணி:

எழுந்திருப்பார் தம்பி. சரி, அடுத்த தடவை 1973 ஜனவரி ஃபோர்மனை வையுங்கள். கிங்ஸ்டனில் ஃப்ரேஸியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை தரையில் தள்ளியவர். அவர் முன்னால் குனிந்து வருகிற டைசன் என்ன செய்வார் என்று தங்கச்சிதான் முதலில் எழுத வேண்டும்.