'மூடி' (moody, சிடுசிடுப்பான) என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

கொழிஞ்சாம்பாறை வாசகன்: எங்கள் ஊரில் தமிழோ மலையாளமோ, முகம் வாடியிருப்பவரிடம் 'மூட் அவுட்டா?' என்றுதான் கேட்கிறோம், நேற்று எட்டாம் வகுப்பு மகள் 'மூடி' எப்படி வந்தது என்று கேட்டாள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை அண்ணாச்சி: தம்பி, பழைய ஆங்கிலத்தில் 'மோட்' என்றால் மனம், நெஞ்சுரம். அதிலிருந்து பிறந்த இந்தச் சொல்லுக்கு முதலில் வீரமுள்ளவன், செருக்குள்ளவன் என்றே பொருள், ஜெர்மனில் 'மூட்' இன்றைக்கும் தைரியம்தான். அப்புறம் கோபமாகி, சிடுசிடுப்பாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பொருள்மாற்றம் இது.

குமுளி டீச்சர்: சரிதான். ஆங்கில இலக்கணத்தில் ஏவல் போன்ற வினைப் பாங்கைக் குறிக்கும் 'மூட்' வேறு, அது லத்தீன் 'மோடுஸ்' வழி வந்தது. இப்படிப் பொருள் மாறியதற்கு எடுத்துக்காட்டாக மகளுக்கு 'நாற்றம்' என்பதைச் சொல்லுங்கள். பழந்தமிழில் நறுமணம், இன்று தமிழிலும் மலையாளத்திலும் கெட்ட வாடை.

கொழிஞ்சாம்பாறை வாசகன்: நன்றி அண்ணாச்சி, நன்றி டீச்சர். இன்று ராத்திரியே சொல்லிவிடுகிறேன்.