புதுப்பிப்பு: ஹாலில் சரவுண்ட், வீடு முழுக்கப் பாட்டு

ஹாலில் உள்ள 5.1 ரிசீவரிலிருந்தே (சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களுக்குச் சரவுண்ட் ஒலி தரும் பெட்டி) சமையலறை, படுக்கையறை, மொட்டைமாடிக்கும் பாட்டு அனுப்பினால், சத்தம் கூட்டியதும் ரிசீவர் தானாக அணைகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். சரியாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

காரணம் ஓம் கணக்குதான். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு; அது குறையக் குறைய ரிசீவர் அதிக மின்னோட்டம் தர வேண்டிவரும். மூன்று ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர்களையும் ஒரே முனையில் இணையாகக் கோர்த்திருந்தேன். 8-ஐ மூன்றால் வகுத்தால் 2.7 ஓம்கூட வராது. ரிசீவரின் பின்பக்கத்திலோ குறைந்தது 6 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது! அணைந்தது பழுதல்ல, தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது ரிசீவரின் ஸோன் 2 (மற்ற அறைகளுக்கான தனி ஒலி) ப்ரீ-அவுட்டிலிருந்து, அதாவது பெருக்காத ஒலி வெளிவரும் முனையிலிருந்து, ஆர்சிஏ வயர் தனியாக ஒரு ஆறு சேனல் ஆம்ப்ளிஃபயருக்கு (ஒலிபெருக்கும் பெட்டி) போகிறது. ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு சேனல். ரிசீவருக்கு ஹாலின் சுமை மட்டும்தான்.

அப்புறம் இன்னொரு சிக்கல். எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் வயர் வழியாக வந்த பாட்டு ஹாலில் மட்டும் கேட்டது, ஸோன் 2-இல் சத்தமே இல்லை. என் ரிசீவர் மாடலில் ஸோன் 2-க்கு அனலாக் (டிஜிட்டல் அல்லாத) உள்ளீடு மட்டுமே போகும். பாட்டு ஓடும் ஸ்ட்ரீமர் கருவியிலிருந்து சிவப்பு, வெள்ளை முனை அனலாக் வயர் ஒன்றைக் கூடுதலாகச் செருகியதும் சமையலறையில் பாட்டு வந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஹாலில் படம் ஓடும்போதே அம்மா சமையலறையில் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்கிறார். மொட்டைமாடி ஸ்பீக்கருக்கு மழை படாத மூடி மட்டும் இன்னும் போடவில்லை.