பி.எட். இன்டர்ன்ஷிப்பில் குழுத் தலைவர் பொறுப்பு: பார்த்ததைச் சொல்லுங்கள்

சாக்பீஸ்

மேலூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி, பாடம் நடத்திப் பழகப் பதினாறு வாரப் பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவர்கள் பத்துப் பேர். இன்னும் மனசை விட்டுப் போகாதது அங்கே பார்த்த ஒரு தாள். காலை வழிபாடு முடிந்த கையோடு ஏ.ஹெச்.எம். (உதவித் தலைமையாசிரியர்) வந்து, "மூணு பேரு லீவு, மூணு பயிற்சி ஆசிரியரை வகுப்புக்கு அனுப்பும்மா" என்றார். வழக்கமாக என்ன நடக்கும் என்று தெரியுமே. கண்ணில் பட்டவர்கள் போவார்கள், அவர்கள் எடுக்க வேண்டிய பாடம் அன்றைக்குப் போச்சு. இந்தக் குழுவின் தலைவி, "சார், முதல் பாடவேளையில ஒருத்தருதான் சும்மா இருக்காக. நாலாவதுல மூணு பேரு இருக்காக. இதப் பாருங்க சார்" என்று அட்டையில் ஒட்டிய தாளை நீட்டினார். இடது பக்கம் பத்துப் பெயர், மேலே எட்டுப் பாடவேளை. கற்பித்தலுக்கு 'க', பிறர் வகுப்பை உட்கார்ந்து கவனிக்கும் உற்றுநோக்கலுக்கு 'உ', ஓய்வுக்கு வெறும் கட்டம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு, தாளைப் பதிலி ஆசிரியர் நோட்டுக்குள் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் தாளைப் பார்க்காமல் யாரையும் அனுப்பவில்லை.

தயாரிப்பது எளிது, ஆனால் முதல் நாளே செய்ய வேண்டும். வழிகாட்டி ஆசிரியரிடம் அவருடைய அட்டவணை மட்டும்தான் இருக்கும், பள்ளியின் மொத்த அட்டவணை ஏ.ஹெச்.எம்.மிடம் இருக்கும். அதை வாங்கி நகல் எடுங்கள். ஒரே வழிகாட்டியின் கீழ் இரண்டு பேர் இருந்தால் இருவரும் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் அதே பாடவேளையை எழுதிவிடுவார்கள். மோதல் தொடங்குவது அங்கேதான். பெயரை எழுதும் முன் பிரிவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

பழங்காநத்தத்தார்

தாள் அருமை. ஆனால் தலைமை தாங்கும் பயிற்சி அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும்தானே கிடைத்தது? திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பொறுப்பு முழுக்க ஒரே பையனிடம். நடுவில் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. வருகைப் பதிவேடு அவன் பையில், பை அவன் ஊரில். ஒரு வாரம் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பதிவேடு வந்து சேர்ந்ததும் மொத்தமாகப் போடலாம் என்று எடுத்துப் போனார்கள். தலைமையாசிரியர் ஒன்றும் பேசாமல் சிவப்புப் பேனாவை எடுத்து, வெறும் கட்டங்களின் குறுக்கே அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுத்தார். வந்து பாடம் நடத்திய ஒன்பது பேருக்கும் அந்த வாரம் இல்லை என்று ஆனது.

இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றுங்கள். பதினாறு வாரத்தில் எட்டுப் பேருக்கு முறை வரும். பதிவேடு தலைமையாசிரியர் அறையை விட்டு வெளியே போகவே கூடாது.

உசிலை மிஸ்

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பள்ளி. தாமதமாக வருபவர்களின் பெயரை வாசலில் நின்று எழுதும் வேலை பயிற்சி ஆசிரியர்களுக்கு. தினமும் அதே ஏழெட்டுப் பிள்ளைகள். பெயரை எழுதி உள்ளே கொடுத்தால் முதல் பாடவேளை முழுக்க வெளியே நிற்க வேண்டும். குழுத் தலைவர் ஒரு நாள் நோட்டை மூடிவிட்டு ஒரு ஆறாம் வகுப்புப் பையனிடம் காரணம் கேட்டார். "பூவை எடைக்குப் போட்டுட்டு வாரேன் மிஸ். வண்டி இன்னைக்கு லேட்டு." கால்சட்டை ஓரமெல்லாம் ஈரமண். மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை. விடியுமுன் வீடே தோட்டத்தில் இருக்கும்.

அந்தப் பெண் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு பத்தி கூட்டினார், அவ்வளவுதான். இரண்டு வாரம் எழுதியதை வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் தலைமையாசிரியரிடம் கொண்டுபோனார், அங்கிருந்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது பூப்பறிக்கும் தாய்மாரே உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை எட்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து விட்டுவிடுவது, எடைக்குப் பெரியவர்கள் போவது என்று அவர்களே பேசி முடித்தார்கள். வாசலில் நிற்க வைப்பதும் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. பயிற்சி ஆசிரியர் நேரே பெற்றோரிடம் போயிருந்தால் பள்ளிக்கு வருத்தம், கல்லூரிக்குப் புகார், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி கிடைக்காது.

நாலாம் பாடவேளை

பழங்காநத்தத்தார் சொல்லும் சுழற்சி முறையில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வாரம் என்பது பள்ளியின் பழக்கம் பிடிபடும் நேரம். பிடிபட்டதும் ஆள் மாறினால் ஏ.ஹெச்.எம். யாரைத்தான் கூப்பிடுவார்? ஒரு பள்ளியில் இப்படி மாற்றி மாற்றி, விடைத்தாள் திருத்தும் வேலை யாருடையது என்றே தெரியாமல் இரண்டு கட்டு விடைத்தாள் ஜன்னல் திண்டில் மழையில் நனைந்து கிடந்தது.

குறை பி.எட். முதலாண்டில் இருக்கிறது. சக மாணவர்களையே வகுப்பாக வைத்து ஒரு சின்னப் பகுதியை நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலை ஒழுங்காகச் செய்த குழுவுக்குப் பள்ளியில் தலைவரைத் தேட வேண்டியிருக்காது. ஒரு சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. நடப்பது என்ன? முதல் ஆறு நிமிடம் நடக்கும், "நல்லா இருந்துச்சு" என்று கைதட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மீதி முப்பது நிமிடம் பதிவேட்டில் மட்டும் நடக்கும். சக மாணவரிடம் "உன் கேள்வி அஞ்சுல நாலு ஆமா-இல்லை கேள்வி" என்று முகத்துக்கு நேரே, மனம் நோகாமல் சொல்லப் பழகும் இடம் அந்தப் பின்னூட்டம்தான். கேட்பவருக்கும் அது பயிற்சி. அதனால் இப்படிச் செய்யுங்கள். குழுவுக்கு ஆறு பேர் போதும், பத்து வேண்டாம். ஒருவர் கையில் நேரம், இருவர் கையில் உற்றுநோக்கல் தாள். ஒரு நேரத்தில் ஒரே திறன். வினா கேட்டல் என்றால் கரும்பலகைக் கையெழுத்தைப் பற்றிப் பேசக்கூடாது. தாளில் அபிப்பிராயம் எழுதக்கூடாது, எண்ணிக்கை எழுத வேண்டும்: எத்தனை கேள்வி, எத்தனை முறை பதிலுக்குக் காத்திருந்தார், எந்தப் பக்கத்து மாணவரை மட்டும் கேட்டார். பன்னிரண்டு நிமிட மறுதிட்டத்தில் மாற்றும் வரியைப் பென்சிலால் பழைய குறிப்பின் ஓரத்திலேயே எழுத வேண்டும், புதிதாகப் படியெடுக்கக்கூடாது. படியெடுத்தால் என்ன மாறியது என்று யாருக்கும் தெரியாது.

தெப்பக்குளம்

நுண்ணிலைக் கற்பித்தல் எல்லாம் சரி அண்ணே, எல்லாரும் சேர்ந்து தங்கி வேலை செய்யும் குடிமைப் பயிற்சி முகாமை மறந்துவிட்டீர்களே. அந்த ஐந்து நாளில் தெரியாத தலைமையா? இப்போது முகாம் சாப்பாட்டைக் கேட்டரிங்கில் சொல்லிவிடுவதும் உண்டு. அது எனக்குப் பெரிய வருத்தம். அழகர்கோவில் சாலையில் ஒரு முகாம், நூறு பேர், மாணவிகளே சமைத்தார்கள். மதியத்துக்குப் பொன்னி அரிசி 12 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, புளி அரைக் கிலோ. அளவில் குறையில்லை. முதல் பந்தியில் வெண்டைக்காய்ப் பொரியலைக் கை நிறைய அள்ளி வைத்ததில் இரண்டாம் பந்தி தொடங்கும்போதே சட்டி காலி. உணவுக் குழுத் தலைவி பொரியல் கரண்டியை மாற்றிச் சின்னக் குழிக்கரண்டியைக் கொடுத்துவிட்டு, அப்பளத்தை ஆளுக்கு இரண்டாக்கி, தன் குழுவைக் கடைசிப் பந்திக்கு நகர்த்தினார். முதல் நாளிலேயே கற்றது, மற்ற நாளுக்குப் பயன்பட்டது.

சேர்ந்து வேலை செய்வது எப்படிப் படிப்பாகும் என்று கேட்பவர்கள் சின்னாளபட்டி போய் இறங்கி, காந்திய வழியில் நடக்கும் காந்திகிராமத்தைப் பாருங்கள். 1947-லிருந்து பக்கத்திலேயே இருக்கிறது.

சாக்பீஸ்

பழங்காநத்தத்தார், நாலாம் பாடவேளை, இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருவர், கூடவே ஒரு துணைத் தலைவர், துணைதான் அடுத்த தலைவர் என்று வைத்தால் பழக்கமும் போகாது, பொறுப்பும் பரவும். மாறும் வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து போய் ஏ.ஹெச்.எம்.மிடம் முகம் காட்டிவிட வேண்டும்.

வருகைக் கணக்கையும் தலைவர் வாராவாரம் கூட்டட்டும். என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 விதிப்படி இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வேண்டும், வகுப்புப் பாடங்களுக்கான 80 இங்கே செல்லாது. பதினாறு வாரம், வாரம் ஐந்து நாள் என்றால் 80 நாளில் 72. மழைக்கு விட்ட நாளும் உள்ளூர் விடுமுறையும் பள்ளி வேலை நாள் இல்லை, அவற்றை வந்ததாக எழுதாதீர்கள். கடைசி வாரத்தில் ஒருவருக்கு 71 என்று தெரிந்தால் அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.